மூன்று ஓடைகளும் எமது மாணவரும்

ஒரு கல்லூரியின் யூபிலி ஆண்டென்பது மகிழ்தற்குரிய காலம் மட்டுமன்று. பெற்றதையும் விட்டதையும் எண்ணிப் பார்த்தற்குரிய காலமுமாகும். இவ்வாண்டிற் பழைய மாணவர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், "கல்லூரிக்கு நாம் யாது செய்யலாம்?" என்ற வினா எழாமற் போவதில்லை. வெள்ளவத்தையிற் கூடினாலென்ன, கொட்டாஞ்சேனையிற் கூடினாலென்ன, கடல் கடந்த நகரங்களிற் கூடினாலென்ன, முதலில் எழும் விடை பெரும்பாலும் ஒன்றே: "புதிய கணினிகள் வாங்கிக் கொடுப்போம்." நல்லெண்ணத்திற் பிறந்த விடை இது; அதனை நாம் பழிக்க வரவில்லை. ஆயினும் கணினியை வாங்குதல் எளிது, அதனை ஆளக் கற்பித்தல் அரிது என்பதையும், அரியதே முதற்கண் செய்யத்தக்கது என்பதையும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அண்மையில் எம்மிடம் வந்த மாணவன் ஒருவனின் அனுபவமே இவ்வெண்ணத்துக்கு வித்திட்டது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோரின் பட்டியலை ஒழுங்குசெய்யும் பொருட்டு அவன் சி மொழியிற் சிறியதொரு செய்நிரல் எழுதியிருந்தான். ஒரு வரியில் மாணவனின் பெயர், அடுத்த வரியில் அவன் வதியும் இடம். இவ்வாறு மாறிமாறிப் படித்து, இடவாரியாக வகுத்துக் காட்டுவதே அதன் பணி. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது அது செவ்வையாக நடந்தது. பின்னர் அதே பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தான். வெள்ளவத்தை மாணவர் வரையில் யாதோர் இடரும் இல்லை. கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவனின் முறை வந்ததும் பட்டியல் குலைந்தது. ஊரின் பெயர் தன் கடைசி எழுத்தை இழந்து நின்றது. அடுத்த மாணவனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஐகாரக் குறியொன்று மெய்யெழுத்தின் துணையின்றித் தனித்து நின்றது. அதன் பின் வந்தோர் அனைவருக்கும் பெயர் ஊராகவும் ஊர் பெயராகவும் மாறிப் போயின. இத்தனைக்கும் கணினி ஒரு சொல்லேனும் முறையிடவில்லை. நெடுநேரம் முயன்று களைத்த மாணவன் இறுதியிற் கூறிய தீர்ப்பு இது: "கணினிக்குத் தமிழ் சரிவராது, சேர்."

பட்டியல் குலைந்தது பெரிதன்று. அதனை மறுநாள் திருத்திவிடலாம். பதினாறு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் இத்தீர்ப்பு வேரூன்றுவதே பெரிது. தன் தாய்மொழி பொறிக்கு ஒவ்வாதது என்று நம்பிய மாணவன், நாளை ஒரு நிறுவனத்திற் செய்நிரல் எழுதும் பொறுப்பை ஏற்கும்போது தமிழை ஒதுக்கிவிட்டே எழுதத் தொடங்குவான். உண்மையில் இங்கே தமிழும் பிழைசெய்யவில்லை, கணினியும் பிழைசெய்யவில்லை. செய்நிரலுக்குள் தரவு எவ்வாறு வந்து சேர்கின்றது, எவ்வாறு வெளியேறுகின்றது என்பதை அம்மாணவனுக்கு ஒருவரும் எடுத்துரைக்கவில்லை; அவ்வளவே. ஆதலால் நாம் முன்வைக்கும் கருத்து இதுவாகும்: நியம உள்ளீடு, நியம வெளியீடு, நியம வழு என்னும் மூன்று ஓடைகளையும், தமிழ்ப் பெயர்களையே தரவாகக் கொண்டு, செய்நிரலாக்கம் கற்கும் மாணவருக்கு முதற்பாடமாகக் கற்பித்தல் வேண்டும். புதிய பொறிகளுக்கு முன்னர் இக்கல்வியே எமது யூபிலிக் கொடையாதல் வேண்டும்.

கணினித் துறையிற் பழக்கமில்லாத அன்பர்களும் இம்மலரைப் படிப்பார்களாதலின், ஓடை என்பது யாதென்று முதலில் விளக்குதல் தகும். சி மொழியில் எழுதப்பெற்ற ஒரு செய்நிரல் இயங்கத் தொடங்குகையில் மூன்று வாயில்கள் அதற்காக முன்னரே திறந்து வைக்கப்பட்டிருக்கும். முதல் வாயிலால் தரவு உள்ளே வரும். அது நியம உள்ளீடு. இரண்டாம் வாயிலால் விளைவு வெளியே செல்லும். அது நியம வெளியீடு. மூன்றாம் வாயிலாற் பிழைபற்றிய முறையீடு செல்லும். அது நியம வழு. இவற்றை ஓடை என்பதற்குக் காரணம், தரவு அங்கே பக்கம் பக்கமாகவோ படம் படமாகவோ வருவதன்று, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாத பைற்றுகளாக வருவது என்பதே. வெள்ளவத்தையிற் கடலை நோக்கிச் செல்லும் வாய்க்கால், தன்னுள் வந்த நீர் எந்தத் தெருவின் மழைநீர் என்று வினவுவதில்லை. அதுபோலச் செய்நிரலும், தனக்கு வரும் பைற்று சாவிப்பலகையிலிருந்து வந்ததா, ஒரு கோப்பிலிருந்து வந்ததா, வேறொரு செய்நிரலிலிருந்து வந்ததா என்று அறியவேண்டுவதில்லை. வெளியீடு திரைக்குச் செல்கின்றதா, கோப்புக்குச் செல்கின்றதா என்பதையும் அது கருதவேண்டுவதில்லை.

இந்த அறியாமையே ஓடையின் பெருஞ் சிறப்பாகும். சாவிப்பலகையை மனத்திற் கொண்டு எழுதப்பெற்ற செய்நிரல், ஓரெழுத்தும் மாற்றப்படாமல், ஆயிரம் பெயர் கொண்ட கோப்பையும் படிக்கவல்லது. இயக்குவோன் கட்டளை வரியில் ஒரு கோணக்குறியை இட்டால் உள்ளீடு கோப்பிலிருந்து வரும். மற்றைக் கோணக்குறியை இட்டால் வெளியீடு கோப்புக்குச் செல்லும். நடுவே ஒரு நிலைக்கோட்டை இட்டால் ஒரு செய்நிரலின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகும். இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய டக்ளஸ் மக்கில்ரோய், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயைத் துண்டு துண்டாகப் பொருத்துவது போலச் செய்நிரல்களையும் ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய வழி வேண்டும் என்று 1964 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 1973 இல் கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் இயக்கமுறைமையில் நிறைவேற்றினார். அதே ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழி அந்த யுனிக்சுடன் வளர்ந்தது. அவரும் பிறையன் கேர்னிகனும் இயற்றிய சி மொழி நூல் 1978 இல் வெளிவந்தது. உலகை வாழ்த்தி ஒரு வரி அச்சிடும் அந்நூலின் முதற் செய்நிரலை இன்றளவும் மாணவர் எழுதுகின்றனர். அவ்வரி திரைக்கு அனுப்பப்படுகின்றது என்றே நம்மவர் கற்பிக்கின்றனர். அது நியம வெளியீட்டுக்கு அனுப்பப்படுகின்றது; திரை என்பது அவ்வோடை அன்றைய தினம் சென்று சேர்ந்த இடம் மாத்திரமே. இவ்வொரு வேற்றுமையைத் தெளியக் கற்றவன் பாதி கற்றவன் என்போம்.

இனி, மூன்றாம் ஓடை ஏன் வேண்டும்? விளைவுக்கு ஒரு வாயில் இருக்கையில் முறையீட்டுக்குத் தனி வாயில் எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. இதற்கு அச்சுத்தொழிலோடு இயைந்த ஒரு வரலாறு உண்டு. பெல் ஆய்வுகூடத்தார் ஒளியச்சுக் கோக்கும் பொறியொன்றைப் பயன்படுத்திய காலத்தில், அப்பொறி தரும் நீண்ட தாளை நாற்றம் வீசும் மற்றோர் இயந்திரத்திலிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தாலே எழுத்துத் துலங்கும். ஒரு நாள் பிற்பகல் அங்குள்ளார் பலர் இவ்வாறு காத்திருந்து தாளை எடுத்துப் பார்த்தபோது, அதிற் கட்டுரை இல்லை. இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒரு வரி மாத்திரம் அழகாக அச்சுக் கோக்கப்பட்டிருந்தது. பிழையறிவிப்பும் விளைவும் ஒரே ஓடையிற் சென்றதன் பயன் அது. முணுமுணுப்பு உரியவர் செவியை எட்டியது. இரண்டொரு நாளில் நியம வழு என்னும் தனி ஓடை பிறந்தது. அங்குப் பணியாற்றிய ஸ்ரீபன் ஜோன்சன் இவ்வரலாற்றை நினைவுகூர்ந்துள்ளார்.

மலர் வெளியிடும் பொறுப்பை ஒருமுறையேனும் ஏற்ற பழைய மாணவர் இதனை நன்கு உணர்வர். "இப்பக்கத்துக்குரிய நிழற்படம் இன்னும் வந்து சேரவில்லை" என்று அச்சுக்கோப்பவர் பதிப்பாசிரியருக்கு எழுதும் குறிப்பு வேண்டியதே. ஆனால் அது மலரிலேயே அச்சாகிவிட்டால் யாது பயன்? எமது மாணவனின் பட்டியலிலும் இதுவே நிகழக்கூடும். ஊர் எழுதப்படாத வரியைக் கண்டதும், "இவ்வரியில் ஊர் இல்லை" என்று செய்நிரல் நியம வெளியீட்டிலேயே எழுதுகின்றதென்று கொள்வோம். அவ்வெளியீட்டை வரிசைப்படுத்தும் மற்றொரு செய்நிரலுக்கு நிலைக்கோட்டின் வழியே அனுப்பினால், "இவ்வரியில்" என்ற பெயருடைய மாணவன் ஒருவன் இந்திரனுக்கும் ஈசனுக்கும் நடுவே ஓட்டப்போட்டிக்குப் பதிவாகிவிடுவான். முறையீட்டை நியம வழுவுக்கு அனுப்பியிருந்தால், பட்டியல் தூயதாகவே இருக்கும்; குறையும் பொறுப்பாசிரியரின் கண்ணிற் படும்.

இவ்விரு ஓடைகளுக்கும் இயல்பிலும் ஒரு வேற்றுமை உண்டு. நியம வெளியீடு கோப்பொன்றுக்குச் செல்லும்போது, ஒவ்வொரு பைற்றும் உடனுக்குடன் அனுப்பப்படுவதில்லை. பஃபர் எனப்படும் தற்காலிக இடத்திற் சேர்த்துவைக்கப்பட்டு, அது நிறைந்ததும் ஒருமிக்க அனுப்பப்படும். நியம வழு அவ்வாறு நிறையும் வரை காத்திருப்பதில்லை. ஆதலின் செய்நிரல் இடைநடுவில் விபத்துற்று நின்றால், பஃபரிற் கிடந்த விளைவு அழிந்துபோகலாம், முறையீடோ வெளிவந்துவிடும். திரையில் ஓட்டியபோது தோன்றிய வரிகள் கோப்பில் ஏன் இல்லை என்று மாணவர் திகைப்பது இதனை அறியாமையாலேயே. முறையிடும் குரல் விளைவோடு கலக்கவும் கூடாது, விளைவுக்காகக் காத்திருந்து மடியவும் கூடாது என்பது இதன் பொருள்.

இப்பொழுது கொட்டாஞ்சேனைக்கு வருவோம். எழுத்தை எண்ணுதல் நம்மவர்க்குப் புதிய கலையன்று. தொல்காப்பியர் காலந் தொட்டே மாத்திரை வகுத்து எழுத்தெண்ணி வந்த மரபு நம்முடையது. "தமிழ்" என்பதில் எத்தனை எழுத்து என்று தமிழாசிரியரைக் கேட்டால், மூன்று என்பார். யுனிகோட் முறையோ அதனை ஐந்து குறிகளாகக் கொள்கின்றது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. இக்குறிகளை ஓடையிற் செலுத்துதற்கு இன்று பெரிதும் வழங்கும் முறை யூரிஎஃப்-8 என்பதாகும். கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992 இல் வகுத்த இம்முறையில், அடிப்படை ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்று. ஆகவே ஆசிரியருக்கு மூன்றாகவும் யுனிகோட்டுக்கு ஐந்தாகவும் உள்ள சொல், ஓடையிற் பதினைந்து பைற்றுகளாகச் செல்கின்றது. சி மொழியின் நீளமளக்கும் சார்பு கூறும் விடையும் 15 ஆகும். சிங்கள எழுத்துகளுக்கும் குறிக்கு மூன்று பைற்றே; ஆதலின் இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறையுமன்று. நாடெங்கும் பாமினி எழுத்துரு வழங்கிய காலத்தில் இச்சிக்கல் வெளிப்படவில்லை. ஏனெனில் அங்கே தமிழென்று கண்ணுக்குத் தோன்றியது, உள்ளே ஆங்கிலச் சாவிகளின் குறிகளாகவே கிடந்தது. அதே எழுத்துருவை அணியாத இடத்தில் அது பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றியதையும் பலர் கண்டிருப்பர்.

இனி இரு ஊர்களையும் அளந்து பார்ப்போம். "வெள்ளவத்தை" ஆறெழுத்து, "கொட்டாஞ்சேனை" என்பதும் ஆறெழுத்தே. எழுத்தெண்ணிக்கையில் இரண்டும் நிகர். ஆனால் முன்னதிற் பத்துக் குறிகள். பின்னதில், ஒகரக் குறியை ஒரே குறியாகக் கொண்டாலும், பன்னிரண்டு. எனவே வெள்ளவத்தைக்கு 30 பைற்று. கொட்டாஞ்சேனைக்கு 36 பைற்று. எமது மாணவன் ஊரின் பெயருக்காக ஒதுக்கிய இடம் 32 பைற்று. அவன் பயன்படுத்திய எஃப்கெற்ஸ் என்னும் சார்பு, 32 என்று கூறினால் 31 பைற்று மட்டுமே படித்து, இறுதியில் முடிவைக் காட்டும் பூச்சியத்தை வைக்கும். வெள்ளவத்தையின் 30 பைற்றும் வரிமுடிவுக் குறி ஒன்றும் சேர்ந்து 31, பூச்சியத்தோடு 32. அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்திற்று. கொட்டாஞ்சேனை வந்தபோது முதற் பத்துக் குறிகளும் அதன் பின்வரும் னகரத்தின் முதற் பைற்றும் மாத்திரமே உள்ளே வந்தன. னகரத்தின் எஞ்சிய இரு பைற்றுகளும், ஐகாரக் குறியின் மூன்று பைற்றுகளும், வரிமுடிவும் ஓடையிலேயே தங்கின. ஓடை எதனையும் மறப்பதில்லை. படிக்கப்படாதது அடுத்த முறை படிக்கப்படும். அங்ஙனம் தங்கியது அடுத்த மாணவனின் பெயராக வந்து நின்றது. அதன் பின் எல்லாம் ஒருபடி விலகின. மாணவன் கண்ட தனித்த ஐகாரக் குறியின் வரலாறு இதுவே.

ஆங்கிலத்தில் வெள்ளவத்தை பத்தெழுத்துக்குள்ளும் கொட்டாஞ்சேனை எட்டெழுத்துக்குள்ளும் அடங்கும், பைற்றும் அத்தனையே. அதனாலேயே ஆங்கிலப் பட்டியல் இடரின்றி நடந்தது. பிழை அப்பொழுதும் அங்கே இருந்தது, வெளிப்படவில்லை. 32 ஐ 200 ஆக்கிவிட்டால் தீர்ந்துவிடுமே எனச் சிலர் கூறுவர். அது தீர்வன்று, நோயை அடுத்த நெடும்பெயர் வரும் வரை ஒத்திவைப்பதாகும். படித்த துண்டின் இறுதியில் வரிமுடிவுக் குறி உண்டா என்று பார்த்தல் வேண்டும். இல்லையெனில் வரி இன்னும் முடியவில்லை என்பது பொருள். எஞ்சியதைத் தொடர்ந்து படித்தல் வேண்டும், அன்றேல் இன்ன வரி நீண்டுவிட்டது என்று நியம வழுவில் அறிவித்து, அவ்வரியின் எச்சத்தை ஓடையிலிருந்து அகற்றுதல் வேண்டும். இதற்கு நாலைந்து வரிகளே தேவை. அவற்றை எழுதக் கற்ற மாணவன் தமிழைக் குறைகூற மாட்டான்.

எழுத்தை நிரற்படுத்தி அச்சிடுவதிலும் இவ்வேற்றுமை தோன்றும். பிரின்ற்எஃப் என்னும் சார்பிடம் ஒரு பெயரை 40 அகலத்தில் எழுதுமாறு கூறினால், அது பைற்றை எண்ணியே வெற்றிடம் இடும்: வெள்ளவத்தைக்குப் பின் 10, கொட்டாஞ்சேனைக்குப் பின் 4. ஆறெழுத்துச் சொற்கள் இரண்டுக்கும் வெவ்வேறு வெற்றிடம் கிடைப்பதால் நிரல்கள் கோணுகின்றன. பெயரைப் பத்துப் பைற்றில் நிறுத்துமாறு கூறினால், மூன்று குறிகளும் நான்காவதன் மூன்றிலொரு பங்குமாக வெட்டிவிடும். ஒருவனுடைய பெயர் அரைகுறையாக வெட்டுண்டு ஒரு சான்றிதழிலோ பதிவேட்டிலோ நிற்குமாயின், அது அவனுக்கு நேர்ந்த அவமதிப்பேயாகும். அதனைச் செய்தவன் நம்மிடையே கற்றவனாகவும் இருக்கலாம் என்பதே எம்மை உறுத்துகின்றது.

அளவறியாது உள்ளீட்டை ஏற்பதால் வரும் கேடு பெயர் வெட்டுண்பதோடு நிற்பதுமில்லை. முற்காலத்திற் கெற்ஸ் என்றொரு சார்பு இருந்தது. எத்தனை பைற்றுக்கு இடமுண்டு என்று அது கேட்பதே இல்லை. வரியின் முடிவு வரும் வரை வந்ததையெல்லாம் நினைவகத்தில் எழுதிக்கொண்டே செல்லும். 1988 நவம்பர் 2 ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான றொபேட் மொறிஸ் ஏவிய புழுச் செய்நிரல், ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியபோது அது நுழைந்த வழிகளுள் ஒன்று இந்தக் கெற்ஸ் ஆகும். 512 பைற்று இடம் ஒதுக்கியிருந்த ஒரு சேவைச் செய்நிரலுக்கு அதனினும் நீண்ட வரியை அனுப்பியே அது உட்புகுந்தது. இறுதியில் 2011 ஆம் ஆண்டின் சி மொழி நியமம் அச்சார்பையே நீக்கிவிட்டது. அவ்வாறு நீக்கப்பட்டதை இன்றும் மனனஞ் செய்விக்கும் வகுப்புக் குறிப்பேடுகளை நாம் கண்டிருக்கின்றோம். உள்ளீட்டு ஓடையைச் சுத்தஞ் செய்வதற்கென்று எஃப்ஃபிளஷ் என்னும் சார்பை அவ்வோடைமீது ஏவும் பழக்கமும் அத்தகையதே. அச்சார்பு வெளியீட்டு ஓடைக்கே உரியது. உள்ளீட்டில் அது யாது செய்யும் என்பதை நியமம் வரையறுக்கவில்லை. ஒரு பொறியில் வேலைசெய்வது போலத் தோன்றி, மற்றொன்றிற் கைவிடும்.

ஓடையின் முடிவை அறிதலும் நுட்பமானதே. கெற்சார் என்னும் சார்பு ஒரு பைற்றைப் படித்துத் தரும். ஒரு பைற்று ஏற்கக்கூடிய பெறுமானங்கள் 256. ஆனால் "ஓடை முடிந்தது" என்று கூறுதற்கு 257 ஆவது விடையொன்று வேண்டும். அதனாலேயே அச்சார்பின் விடையை எழுத்துவகை மாறியில் வைக்காமல் நிறையெண் மாறியில் வைக்குமாறு நூல்கள் வற்புறுத்துகின்றன. எழுத்துவகை மாறியில் வைத்தால், சில பொறிகளில் 255 என்னும் பைற்று முடிவெனத் தவறாகக் கொள்ளப்படும். ஏஆர்எம் வகைச் செயலிகளில் லினக்ஸ் இயங்கும் பொறிகளிலோ, முடிவு ஒருபோதும் உணரப்படாமற் செய்நிரல் ஓயாது சுழலும். யூரிஎஃப்-8 தமிழில் 255 என்னும் பைற்று வருவதேயில்லை. ஆதலின் வீட்டுக் கணினியில் மறைந்து கிடக்கும் இப்பிழை, மலிவான ராஸ்பெரி பை போன்ற பொறியில் ஏற்றியவுடன் வெளிப்படும். ஏன் என்று கேளாது எழுதிய வரி எங்கோ ஒரு நாள் பழிவாங்கும்.

எமது கருத்துக்கு மறுப்புரைகள் உண்டு. அவற்றையும் எண்ணிப் பார்த்தோம். முதலாவது, சி மொழி ஐம்பதாண்டு கடந்த பழமொழி. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திற் கற்பிக்கப்படுவது பைதன் அன்றோ என்பது. உண்மையே. ஆனால் பைதனுக்கும் அதே மூன்று ஓடைகள் உள்ளன. அதன் பெயர்பெற்ற ஆக்கமே சி மொழியில் எழுதப்பெற்றது. பைதன் பைற்றுகளை மறைத்துவிடுகின்றது என்பது உண்மை. ஆயினும் "தமிழ்" என்பதன் நீளத்தை அதனிடம் கேட்டால் 5 என்றே கூறும், 3 என்று கூறாது. மறைக்கப்பட்டதை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவனுக்கே அவ்விடை வியப்பளிக்காது. பைதன் வேண்டாமென்பது எமது வாதமன்று. பைதன் கற்பவனும் சில வாரங்கள் சி மொழியின் ஓடைக்கரையில் நிற்றல் நன்று என்பதே.

இரண்டாவது மறுப்பு, பரீட்சையில் இவை வினவப்படுவதில்லை என்பதாகும். பரீட்சையை நாம் இகழவில்லை. பெற்றோரின் கவலையையும் அறிவோம். ஆனால் எமது பழைய மாணவருள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் விளங்குவோர், தம்மை உயர்த்தியது வினாத்தாளில் வந்த விடயங்கள் மாத்திரம் என்று கூறுவாரா? மாலையில் ஆசிரியர் மேலதிகமாக நின்று விளக்கிய ஒன்றிரண்டு விடயங்களே பலருக்கு வாழ்நாள் முழுவதும் துணைநின்றன. இதுவும் அத்தகையதொன்றாகலாம்.

ஆதலால் எமது வேண்டுகோள் எளியதும் செலவு குறைந்ததுமாகும். ஓடைகளைக் கற்பிப்பதற்குக் குளிரூட்டிய மண்டபம் வேண்டா; அலுவலகங்களிற் கழித்துவைக்கப்படும் பழைய கணினிகள் போதும். லினக்ஸ் இயக்கமுறைமையும், 1987 முதல் வெளிவரும் குனூ சி தொகுப்பியும் விலையின்றிக் கிடைப்பன. வேண்டுவது மனிதர். கொழும்பிலே மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரியும் இளைய பழைய மாணவர், சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலங்களை முறைவைத்துக் கல்லூரிக்குத் தருவாராயின் அதுவே பெருங்கொடை. அவ்வகுப்பிற் கணினி ஆசிரியருடன் தமிழாசிரியரும் அமர்தல் வேண்டும் என்பது எமது விருப்பம். எழுத்து மூன்று என்பாரும், குறி ஐந்து என்பாரும், பைற்று பதினைந்து என்பாரும் ஒரே கரும்பலகையின் முன் நின்று, மூன்று விடைகளும் தத்தம் இடத்திற் சரியானவையே என்று மாணவருக்குக் காட்டுதல் வேண்டும். இலக்கணமும் பொறியும் பகையல்ல என்பதை அதனினும் நன்றாக விளக்கும் பாடம் வேறில்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். நீவிர் எழுதும் ஒவ்வொரு செய்நிரலையும் சரியென்று ஒப்புக்கொள்ளுமுன், சாவிப்பலகையினின்றும் ஒருமுறை, கோப்பினின்றும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளியீட்டையும் வழுவையும் வெவ்வேறு கோப்புக்கு அனுப்பி, ஒன்றில் மற்றொன்று கலந்துள்ளதா என்று நோக்குங்கள். வெறுங் கோப்பைக் கொடுத்து, அது அமைதியாக முடிகின்றதா என்று காணுங்கள். இறுதியாக, கொட்டாஞ்சேனை என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆறெழுத்தும் முழுதாக உட்சென்று, ஆறெழுத்தும் முழுதாக வெளிவந்தால் உமது செய்நிரல் தேறிற்று. அன்றேல் தமிழின்மேற் பழிபோடாமல் மீண்டும் அமர்ந்து, பைற்றுகளை எண்ணுங்கள்.

எம்மிடம் வந்த மாணவன் அவ்வாறே அமர்ந்தான். இருவரும் ஒரு தாளில் முப்பத்தாறு கட்டங்கள் வரைந்து, எந்தப் பைற்று எங்கே அறுந்தது என்று எண்ணிப் பார்த்தோம். ஐகாரக் குறி தனித்து நின்ற காரணம் விளங்கியபோது அவன் முகத்திற் கண்ட ஒளியை எந்தப் புதிய கணினியும் தந்திராது. அன்று மாலையே அவன் செய்நிரலைத் திருத்தினான். கொட்டாஞ்சேனை மாணவனும் அவனுக்குப் பின் நின்றோரும் தத்தம் பெயரையும் ஊரையும் திரும்பப் பெற்றனர். கல்லூரி நமக்கு அளித்ததும் இத்தகைய விளக்கமே. பெற்றதை அடுத்த தலைமுறைக்கு வழங்குவதே யூபிலி ஆண்டிற் பழைய மாணவர் ஆற்றத்தக்க நன்றிக்கடனாகும். அதற்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக.